திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள்

படூர்ப் பக்கத்து சபை ஒன்றிலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். வாலிபர் ஐக்கியத்தின் செயலாளராம், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம். அவர்கள் கூட்டத்துக்கு வந்து நான் அரைமணி நேரம் பேச வேண்டும், தலைப்பு ‘விசுவாசியின் நேரமும் முன்னுரிமைகளும்’ என்றாள். எங்கள் ஆயர்தான் ஞானதாஸ் என்று என் பெயரைச் சொல்லிவிட்டிருக்கிறார். “அங்கிள், நீங்க நேரத்துலயே தசமபாகம் குடுத்தவங்களாமே. எங்களுக்கு பைபிளைத் திறக்கவே டைம் கிடைக்கல. உங்களால எப்படி முடிஞ்சதுன்னு சொன்னா போதும்” என்றாள்.

பேச வரவில்லை, வேண்டுமானால் உங்கள் சபை இதழுக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேடையில் ஏற்றினால் நான் நல்ல பிள்ளையாகத்தான் பேசுவேன். அது ஊறிப்போன பழக்கம். எழுதும்போதாவது உண்மையைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.

தசமபாகக் கதை நிஜம்தான். ஒரு நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரம், அதில் பத்தில் ஒரு பங்கு இரண்டு மணி இருபத்துநான்கு நிமிஷம். அதை இரண்டாக வகுத்து, காலையில் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம், மாலையில் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் ஜெபத்துக்கும் வேத வாசிப்புக்கும் என்று ஒதுக்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆண்டவருடையது. இதையெல்லாம் ஒரு டைரியில் எழுதி வைப்பேன். ஒரு தியான முகாமில் கற்றுக்கொண்டபடி ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று கட்டமாகக் கோடு போட்டிருப்பேன். முதல் கட்டம் தேவன், இரண்டாவது குடும்பம், மூன்றாவது வேலை. மேல் கட்டத்தில் இருப்பதைக் கீழ்க் கட்டம் தொடக்கூடாது. இதுதான் சட்டம். என் மனைவி கிரேஸ் பள்ளிக்கூட டீச்சர், டைம்டேபிள் அவளுக்குப் புதிதல்ல. ஆனாலும் முதல்முறை அந்த டைரியைப் பார்த்துவிட்டு, “என்னையும் ஏழிலருந்து எட்டுக்குள்ள போட்டுட்டியளா?” என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இனி வேலைக்கு வருகிறேன். நாங்கள் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர்கள். அரசு வேலை கிடைத்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டுக்கு வந்தேன். முதல் சில வருஷங்கள் தொழுநோய்ப் பிரிவில் இருந்தேன். கருங்குழி, மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், சட்டையைக் கழற்றச் சொல்லி, வெயிலில் நிறுத்தி, முதுகில் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அந்த நோய் குறையக் குறைய எங்களில் சிலரைக் காசநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு வாரம் பயிற்சி, ஒரு மோட்டார் சைக்கிள், சிகிச்சை மேற்பார்வையாளர் என்றொரு பதவிப் பெயர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து கடலோரமாகத் திருவிடந்தை வரை என் எல்லை.

இப்போது எல்லாம் மாறிவிட்டது, தினமும் மாத்திரை, கணக்கெல்லாம் கைபேசியில் என்கிறார்கள். அன்றைய முறையைச் சொல்லாவிட்டால் நான் செய்தது என்ன என்று உங்களுக்குப் புரியாது. ஒருவருக்குச் சளியில் கிருமி தெரிந்தால் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் அவர் வீட்டை நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கொடுத்த விலாசம் நிஜமா, எந்தத் தெரு, வராமல் போனால் எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்ள. பிறகு அவர் பெயரில் ஒரு அட்டைப் பெட்டி. முழுச் சிகிச்சைக்குமான மாத்திரை அதில் இருக்கும். பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் அதிலிருந்து வேறொருவருக்கு ஒன்றுகூட எடுக்கக் கூடாது. முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை. நர்ஸ் முன்னால் நின்று விழுங்க வேண்டும், கையில் கொடுத்தனுப்பக் கூடாது. விழுங்கினால் சிகிச்சை அட்டையில் ஒரு கோடு. வராவிட்டால் ஒரு வட்டம். வட்டம் விழுந்த மறுநாளே நான் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பழகிவிட்ட கிருமிக்கு அன்று எங்கள் அலமாரியில் மருந்து கிடையாது.

வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு மாற்றுப் படிவம் உண்டு. பெயர், வயது, எத்தனை வேளை முடிந்தது, எந்த ஊர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நாட்டின் எந்த மூலையிலும் அரசு மையத்தில் காட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதை நிரப்பப் பத்து நிமிஷம் போதும். நான் ஏழு நிமிஷத்தில் முடிப்பேன். அந்தப் படிவக் கட்டும் முத்திரையும் எப்போதும் என் பையில் இருக்கும்.

எங்கள் மருத்துவ அதிகாரி டாக்டர் வேதவல்லி. திருவிடந்தைக்காரர், அவருடைய அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. மாதக் கடைசியில் அட்டைகளை அடுக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போவோம். ஒவ்வொரு அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, பேனா மூடியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வருவார். வட்டம் வந்தால் மூடி நின்றுவிடும். நிமிர்ந்து பார்க்க மாட்டார். நாமாகக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் போதும் என்றால் மூடி நகரும், போதாதென்றால் அங்கேயே நிற்கும். அந்த மூடி நகர்வதற்காக அந்த அறையில் நான் வியர்த்திருக்கிறேன். மதியம் ஒரு மணிக்குத் தயிர்சாதம், அப்போது மட்டும் யாரும் கதவைத் தட்டக் கூடாது. மற்றபடி அவருக்கென்று ஒரு நேர ஒழுங்கு இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை.

ஒரு வைகுண்ட ஏகாதசி அன்று நடந்ததைச் சொல்கிறேன். திருவிடந்தைக் குப்பத்தில் ஒருவர் இரண்டு வேளையாக மாத்திரைக்கு வராமல், நான் போனாலே படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். கோயிலுக்கு வந்திருந்த டாக்டரிடம் தற்செயலாக இதைச் சொன்னேன். பட்டுப்புடவையோடு, பட்டினி விரதத்தோடு, வரிசையிலிருந்து விலகி ஒரு ஆட்டோவில் ஏறி என்னோடு வந்துவிட்டார். மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, அந்த ஆளை வலையருகே உட்காரவைத்து, ஏழு மாத்திரையும் இறங்குகிறவரை பக்கத்தில் நின்றார். திரும்பிப் போனபோது வரிசை இரண்டு மடங்காகியிருந்தது. கடைசியில் போய் நின்றுகொண்டார். நல்ல மனுஷி, ஆனால் கடவுளுக்கு முதலிடம் கொடுக்கத் தெரியவில்லையே என்று அன்று இரக்கப்பட்டேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஏகாம்பரம் எங்களிடம் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் வேலை செய்தவர். சாமி முகத்தைச் செதுக்குகிற பெரிய ஸ்தபதி அல்ல. கிரைண்டர் மெஷினைப் பிடித்துக் கல்லைத் தேய்த்து வழவழப்பாக்குகிறவர். மெஷின் வந்ததிலிருந்து அந்தக் கூடங்களில் கல்தூள் மேகமாக நிற்கும், வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். வயது முப்பத்தைந்துக்குள். மனைவி காஞ்சனா, கைக்குழந்தை தாண்டிய ஒரு பெண் பிள்ளை. விலாசம் பார்க்கப் போனபோது, இந்த வியாதி வந்தவர்கள் எல்லோரும் செத்துவிடுவார்களா என்று காஞ்சனா என்னிடம் நேராகவே கேட்டாள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் உன் புருஷன் சாக மாட்டான், அதற்கு நான் பொறுப்பு என்றேன். எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்வது வழக்கம். என் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்து, அவசரம் என்றால் எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் என்றேன். எல்லா வீட்டிலும் இதையும் சொல்வேன்.

ஏகாம்பரம் போன்ற நோயாளி கிடைப்பது அபூர்வம். திங்கள், புதன், வெள்ளி, கூடத்துக்குப் போகும் வழியில் சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுவார். ஒரு வட்டம்கூடக் கிடையாது. இருமும்போது துணியால் மூடு, கொஞ்ச நாளைக்குக் குழந்தைகள் இருக்கிற கூட்டத்துக்குள் போகாதே என்று ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டு தெருக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை என்று காஞ்சனா குறைப்பட்டாள். ஆறாவது வாரம் இருமல் அடங்கி முகம் தெளிந்திருந்தது. அவருடைய அட்டையை டாக்டர் பார்த்தபோது பேனா மூடி நிற்காமல் கடைசி வரை ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை ஆனிமாதத்தில் வந்தது. செங்கல்பட்டில் எங்கள் சபையில் நான் அப்போது செயலாளர். ஆராதனையின் நடுவே அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் ஏகாம்பரம் நிற்பது தெரிந்தது. வெளுத்த சட்டை, தோளில் இருந்த துண்டால் வாயை மூடியிருந்தார். உள்ளே குழந்தைகள் இருந்ததால் கதவருகே வரவில்லை. என் கண் அவர்மேல் பட்டதும் கும்பிட்டார். நான் வாசிப்பை நிறுத்தாமல், இருங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் வெளியே போயிருக்கலாம். அன்று சபைக் கமிட்டி இருந்தது. பொருள் என்ன தெரியுமா, ஞாயிறு ஆராதனையை எட்டரைக்கு ஆரம்பிப்பதா ஒன்பதுக்கா என்பது. பிள்ளைகளைக் கிளப்ப நேரம் போதவில்லை, ஒன்பது ஆக்குங்கள் என்று ஒரு கட்சி. கடவுளுடைய நேரத்தில் அரைமணியைத் திருடுவதா என்று ஒரு கட்சி, அதற்கு நான் தலைவன். நான்கு பேர் நான்கு முறை சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது ஆலயப் பணியாளர் யோபு கதவைத் திறந்து, ஒருத்தர் மாமல்லபுரத்திலிருந்து வந்து ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார், வீட்டுக்குப் போனாராம், வீடு பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டில் கேட்டு இங்கே வந்தாராம், ஏதோ ஒரு பேப்பர் வேண்டும், சீக்கிரம் போகவேண்டும் என்கிறார் என்று என்னிடம் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை நான் ஆபீஸ் வேலை பாக்கிறதில்லன்னு அவருக்குத் தெரியும். திங்கக்கிழமை வரச் சொல்லுங்க” என்றேன்.

யோபு கொஞ்சம் தயங்கி நின்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனார். கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர், செயலாளரைப் போல எல்லோரும் ஆண்டவருடைய நாளை மதித்தால் இந்த விவாதமே வந்திருக்காது என்றார். ஓட்டெடுப்பில் எட்டரை ஜெயித்தது. நான் வெளியே வந்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. என் பை தோளில்தான் இருந்தது. படிவக் கட்டும் முத்திரையும் அதற்குள் இருந்தன.

திங்கட்கிழமை மாத்திரைக்கு ஏகாம்பரம் வரவில்லை. மாமல்லபுரத்து நர்ஸ் மாலையில் போன் செய்து சொன்னார். அட்டையில் முதல் வட்டம். விதிப்படி செவ்வாய்க்கிழமை காலை அவர் வீட்டு வாசலில் நின்றேன். காஞ்சனா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நடந்ததைச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் கூடத்து மேஸ்திரி வந்து, ஆந்திராவில் ஒரு பெரிய கோயில் வேலை கிடைத்திருக்கிறது, நாளை மத்தியானம் லாரி கிளம்புகிறது, வருகிறவர்கள் வரலாம் என்றிருக்கிறார். மெஷின்காரர்களுக்கு இங்கே இரண்டு மாதமாகவே வேலை குறைந்திருந்தது. ஏகாம்பரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மாத்திரைக்கு என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் புலம்பியிருக்கிறார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு.

“சீட்டு எழுதி தர்ற சார் கீறாரு, பத்து நிமிஷ வேலதான், மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்னுதான் போனாரு. நீங்க திங்கக்கெழம வர சொன்னீங்களாம். இன்னா பண்றது, லாரி நிக்காதே” என்றாள் காஞ்சனா.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எந்த ஊர் என்று கேட்டேன். மேஸ்திரிக்குத்தான் தெரியும், மேஸ்திரியும் லாரியில் போய்விட்டார் என்றாள். இரண்டு கூடங்களில் விசாரித்தேன். ஒருவர் ஒரு ஜில்லாவின் பெயரைச் சொன்னார். அந்த ஜில்லா காசநோய் அலுவலகத்துக்கு மாற்றுப் படிவத்தை நிரப்பித் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. இன்னொரு கடிதம் போட்டிருக்கலாம், மேஸ்திரி வீட்டைத் தேடிப் பிடித்து அங்கிருந்து போன் நம்பர் வாங்கியிருக்கலாம், லீவு போட்டுவிட்டு நானே ரயில் ஏறியிருக்கலாம். ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொண்டேன். கடிதம் போட்ட அன்று மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தேன், ஒரு மணி பன்னிரண்டு நிமிஷமும் உட்கார்ந்தேன். டைரியில் வேலைக் கட்டத்தில் ‘ஏகாம்பரம், வெளியூர்’ என்று எழுதினேன். அந்த மனிதரை மூன்றாவது கட்டத்தில்தான் வைத்திருந்தேன். அன்றுகூட எனக்கு அது உறைக்கவில்லை.

மாதக் கடைசியில் அட்டைகள் டாக்டர் அறைக்குப் போயின. ஏகாம்பரத்தின் அட்டையில் முதல் வரிகள் முழுக்கக் கோடு, அதற்குப் பிறகு வட்டம், வட்டம், வட்டம். காரணம் எழுதுகிற இடத்தில் ‘தகவல் தெரிவிக்காமல் வெளியூர் சென்றுவிட்டார்’ என்று நான் எழுதியிருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதிலும் அந்த வரி மிக அழகாக இருந்தது. பேனா மூடி அங்கே நின்றது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவர் நிமிர்ந்தது எனக்குப் புதிது.

“தகவல் சொல்லாமலா போனார்?”

“ஆமா மேடம்.”

“இவரா, ஞானதாஸ்?”

“ஆமா மேடம்.”

மூடி நகர்ந்தது. இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஏழெட்டு மாதம் கழித்து மாசி வெயிலில் ஏகாம்பரம் திரும்பி வந்தார். காஞ்சனா கையைப் பிடித்துத்தான் நடந்தார். அங்கே கேட்டுப் பார்த்தாராம், சீட்டு இல்லாமல் பெட்டி கொடுக்க முடியாது, முதலிலிருந்து சளி பரிசோதனைக்கு வா என்றிருக்கிறார்கள். பாஷை தெரியாத ஊரில் வேலையை விட்டு இரண்டு முறை போக மேஸ்திரி விடவில்லை. கடையில் இருமல் மருந்தும், கையில் காசு இருந்த வாரங்களில் ஏதோ மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். தூளிலேயே நின்று வேலையும் செய்திருக்கிறார். அவர் பெயர் எழுதிய பெட்டி பாதிக்கு மேல் மாத்திரையோடு எங்கள் அலமாரியில்தான் இருந்தது. சளியைப் பார்த்த லேப் டெக்னீஷியன், மைக்ரோஸ்கோப்பில் பார்க்குமிடமெல்லாம் கிருமி என்று சொல்லிவிட்டு அதிகபட்ச அளவைக் குறித்தார்.

மறுபடி பதிவு செய்ய அவரை டாக்டர் முன்னால் உட்காரவைத்தோம். நான் பக்கத்தில் நின்றேன். டாக்டர் பழைய அட்டையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் போனீர்கள் என்று கேட்டார். ஏகாம்பரம் என்னை ஒரு தரம் பார்த்தார். காஞ்சனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

“தப்புதாம்மா. சொல்லாம பூட்டேன்” என்றார்.

டாக்டர் அவருக்கு நீண்ட அறிவுரை சொன்னார். சொல்லாமல் போனதால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் குழந்தைக்கும் ஆபத்து என்றார். ஏகாம்பரம் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபிறகு காஞ்சனா என் முகத்தைப் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அவசியத்துக்கு மேல் பேசியதில்லை.

இரண்டாம்முறை சிகிச்சையில் மாத்திரையோடு ஊசியும் உண்டு. என் எல்லையில் யாருக்கும் செய்யாததை அவருக்குச் செய்தேன். நர்ஸ் லீவில் போன நாட்களில் நானே வேறு நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன், வட்டம் விழாமல் பார்த்துக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அந்த ஞாயிறு ஒன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் பின்னால் ஐம்பது ஞாயிறை அடுக்கினாலும் பொருந்தாது என்று எனக்கே தெரியும். மூன்றாம் மாதம் பரிசோதனையில் கிருமி குறையவில்லை. நான்காம் மாதமும் இல்லை. சளியைச் சென்னைக்கு அனுப்பினோம். மாதக்கணக்கில் காத்திருந்து முடிவு வந்தது. முக்கியமான மருந்துகள் இரண்டுக்கும் கிருமி பழகிவிட்டிருந்தது. அதற்கான மருந்துகள் அப்போது வெளியே காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்குத்தான், அதுவும் இரண்டு வருஷத்துக்கு. கல் தேய்க்கிற வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. சென்னைப் பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முடிவு வந்த தாளை டாக்டர் ஜன்னலுக்குச் சாய்த்துப் பிடிக்காமல் மேசைமேலேயே வைத்துப் படித்தார். அட்டையில் நான் எழுதியது பொய் என்று அவர் கண்டுகொண்டார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

ஓய்வுநாள் மனுஷனுக்காக என்று இயேசு சொன்னது எனக்குத் தெரியாத விஷயமா? ஞாயிறு பள்ளியில் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை எடுத்தவனே நான்தான். ஓய்வுநாளில் அவர் சுகமாக்கிய சூம்பின கைக்காரன் ஜெப ஆலயத்தில் நின்றதைக் கரும்பலகையில் படம் போட்டே காட்டியிருக்கிறேன். குறை சொல்லிக்கொண்டு நின்றவர்களை நீண்ட அங்கியும் தாடியுமாக வரைவேன். பேன்ட் சட்டை போட்டு, தோளில் பை மாட்டி, கையில் கமிட்டி நோட்டோடு வரைந்ததில்லை. கடவுளுக்கு நேரம் கொடுப்பதில் தப்பில்லை, தம்பி தங்கைகளே. அதிகாலையில் எழுந்து ஜெபிப்பதை நான் இன்றும் விடவில்லை. ஆனால் நான் கடவுளுக்கு நேரம் கொடுத்தேனா, அல்லது நேரத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டு அதற்குள் நான் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேனா என்று கேட்டால், பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வேலிக்கு வெளியே துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றவர் யார் என்று நான் பார்க்கவே இல்லை.

நான் கடைசியாக ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து உடம்பு சரியில்லாத நாட்களைத் தவிர நான் ஆராதனைக்குப் போகாதது அதுவே முதல்முறை. செங்கல்பட்டிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் போகிற வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். நான்தான் தப்புச் செய்தேன், அட்டையில் பொய் எழுதினேன், டாக்டரம்மா உன்னைத் திட்டும்போது வாயை மூடிக்கொண்டு நின்றேன், என்னை மன்னித்துவிடு. நாலே வாக்கியம். மனப்பாடமாக இருந்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டில். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. காஞ்சனா பால் வாங்கப் போயிருந்தாள். ஏகாம்பரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் தலைமாட்டில் இருந்த துண்டைத் தேடி எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

“இன்னா சார், இன்னிக்கி ஞாயித்துக்கெழமயாச்சே. கோயிலுக்குப் போவலியா?”

இல்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் மூச்சை வாங்கிக்கொண்டார். நான் முதல் வாக்கியத்தை எடுக்கப் போனேன். அதற்குள் அவரே பேசிவிட்டார்.

“ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சிகினு இருந்தேன் சார். அன்னிக்கி நீங்க சாமி நேரத்துல இருந்தீங்க. நான் பாட்டுக்கு வாசல்ல வந்து நின்னுகினு, ஆள வேற வுட்டு கூப்ட்டுத் தொந்தரவு பண்ணிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க சார்.”

அவர் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

“பரவாயில்ல, ஏகாம்பரம்” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. துண்டுக்குள் சிரித்திருப்பார் என்று தோன்றுகிறது. கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டார். எழுப்பக்கூடாது என்று நானும் கிளம்பிவிட்டேன். வியாழக்கிழமை அவர் இறந்துபோனார்.

மன்னிப்புக் கேட்கப் போன நான், அவரை மன்னித்துவிட்டு வந்தேன்.